மலைப்பாதை ரயில் நிலையத்தில் தொடங்கட்டும்

மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் கடைசி கசாரா லோக்கலில் வார இறுதிக் கூட்டம் வேறு மாதிரி இருக்கும். வேலை முடிந்து டிட்வாலாவுக்கும் ஆசன்காவுக்கும் வீடு திரும்புகிறவர்களுக்கு நடுவே, பெரிய முதுகுப்பைகளைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு பூட்ஸ் அணிந்த இளைஞர் கூட்டங்கள் உட்கார்ந்திருக்கும். 121 கிலோமீட்டர் தாண்டி, லோக்கல் ரயில் பாதை முடியும் கசாராவில் அவர்கள் இறங்குவார்கள். விடியும்வரை பிளாட்பாரத்தில் தலைசாய்த்துவிட்டு, முதல் ஜீப்பைப் பிடித்து மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான 1,646 மீட்டர் கல்சுபாய்க்கோ, ரதன்கட் கோட்டைக்கோ போவார்கள். இரண்டாம் வகுப்பு டிக்கெட்டுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட ஆகாது. அதனாலேயே இதைக் கார் வாங்க முடியாதவர்களின் வழி என்று நினைப்பவர்கள் உண்டு. கையில் காசு வந்ததும் முதல் வேலையாக வாடகை வேன் பிடித்து மலையடிவாரம்வரை போய் இறங்குவதை முன்னேற்றமாகவும் கருதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. முதுகில் சுமையோடு மலை நடக்கப் போகிறவருக்குக் காரைவிட ரயிலே பொருத்தமான வண்டி. செலவு குறைவு என்பது அதற்கான காரணங்களில் மிகச் சிறியது. எங்கே நடை தொடங்கும், எங்கே முடியும், பையில் என்ன இருக்கும், நம் பணம் யார் கைக்குப் போகும் என்ற நான்கையும் ரயில் மாற்றிவிடுகிறது. நான்கிலும் மாற்றம் நல்லதற்கே என்பதைச் சஹ்யாத்ரி மலைகளை வைத்துச் சொல்லிப் பார்க்கலாம்.

மும்பையைச் சுற்றிய மலைநடைகளில் ஒரு வியப்பு உண்டு. நல்ல பாதைகள் பலவும் ஏதாவது ஒரு ரயில் நிலையத்துக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. மாஹுலி கோட்டைக்கு ஆசன்காவ், மாத்தேரானுக்கும் பேப் கோட்டைக்கும் நேரல், கொத்தலிகட்டுக்குக் கர்ஜத், லோஹகட்டுக்கு மளவ்லி என்று பட்டியல் நீளும். இது தற்செயல் அல்ல. கொங்கண் கரையில் இருந்த கல்யாண், சோபாரா போன்ற பழைய துறைமுகங்களுக்கும் தக்காணப் பீடபூமிக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு சுவராக நிற்கிறது. அந்தச் சுவரில் ஏறி இறங்கத் தோதான கணவாய்கள் சிலவே. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வணிகர்களின் பொதிமாடுகள் அந்தக் கணவாய்கள் வழியாகத்தான் ஏறின. அந்த வணிகத்தின் ஆதரவில்தான் பாஜே, கார்லே, கொண்டாணே ஆகிய இடங்களில் பௌத்தக் குடைவரைகள் எழுந்தன. பிற்காலத்தில் அதே வழிகளைக் காவல் காக்கவே ராஜ்மாச்சியும் லோஹகட்டும் கோட்டைகளாயின. 1853-இல் மும்பைக்கும் தாணேக்கும் இடையே ஓடத் தொடங்கிய ரயில் மலையைத் தாண்ட வேண்டிவந்தபோது, பொறியாளர்களுக்கும் வேறு வழி கிடைக்கவில்லை. 1863-இல் போர் கணவாய் வழியாகப் புனே பக்கமும், 1865-இல் தால் கணவாய் வழியாக இகத்புரி பக்கமும் பாதை திறக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கான கூலித்தொழிலாளர்கள் பாறையை உடைத்துப் போட்ட பாதை அது. காலராவிலும் விபத்துகளிலும் அவர்களில் ஏராளமானோர் மடிந்தார்கள். போர் கணவாய் ஒப்பந்தத்தை எடுத்த சாலமன் டிரெட்வெல் 1859-இல் இந்தியா வந்து சேர்ந்த சில வாரங்களில் இறந்துபோக, அவர் மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தைத் தம் பொறுப்பில் ஏற்று வேலையைத் தொடரச் செய்தார். ஆக, வணிகப்பாதையும் குடைவரையும் கோட்டையும் ரயிலும் ஒரே புவியியலின் பிள்ளைகள். பாலக்காட்டுக் கணவாயில் பழைய வணிகவழியும் ரயில் பாதையும் ஒன்றாகச் செல்வதை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதாக இராது. சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில்களும் புனே தாண்டியதும் இந்தப் போர் கணவாய் வழியாகத்தான் இறங்குகின்றன. 37 அடிக்கு ஓர் அடி என்ற சரிவில், சுரங்கம் சுரங்கமாக நுழைந்து வெளிவரும்போது, தாங்கள் ஒரு மலையேற்றப் பாதையின் எதிர்ச்சரிவில் போய்க்கொண்டிருக்கிறோம் என்பது ஜன்னலோரப் பயணிகளில் பலருக்குத் தெரியாது.

அந்த எதிர்ச்சரிவில் இருப்பது ராஜ்மாச்சி. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. லோனாவாலா நிலையத்தில் இறங்கி, துங்கார்லி வழியாக நடந்தால் ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் உதேவாடி என்ற சிற்றூர் வரும். ஜீப்புகள் குலுங்கிக் குலுங்கிப் போகும் மண்பாதை, அதிகம் ஏற்றமில்லை, மழைக்காலத்தில் குறுக்கே ஓடைகள். ஊருக்கு மேலே ஸ்ரீவர்தன், மனரஞ்சன் என்று இரண்டு கோட்டை முகடுகள். இரவு ஊரில் தங்கிவிட்டு மறுநாள் காலை வந்த வழியே திரும்பாமல், மேற்கே காட்டுக்குள் இறங்கலாம். செங்குத்தான இறக்கம், முழங்கால் கேட்கும் நடை. பாதி வழியில், அருவித் திரைக்குப் பின்னால் கொண்டாணே குடைவரை. மரவேலையைக் கல்லில் செதுக்கிய முகப்பு, பெயர்ந்து விழுந்த தூண்கள், மழைக்காலத்தில் அதன் மேல் கொட்டும் நீர். அதற்கும் கீழே கொண்டிவடே கிராமம். அங்கே ‘டம்டம்’ என்று உள்ளூரில் சொல்லும் பெரிய ஷேர் ஆட்டோ கர்ஜத் நிலையத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். மலைக்கு மேலே ஒரு நிலையத்தில் இறங்கி, மலைக்குக் கீழே இன்னொரு நிலையத்தில் ஏறுகிறோம். தக்காணத்தின் விளிம்பிலிருந்து கொங்கண் சமவெளிவரை, பழைய பொதிமாடுகள் இறங்கிய அதே திசையில் ஒரு முழு இறக்கத்தையும் கால்களால் அளந்துவிடுகிறோம். இந்த நடையைக் காரில் போகிறவர் செய்ய முடியாது. அவர் லோனாவாலாவில் வண்டியை நிறுத்தினால் லோனாவாலாவுக்கே திரும்பியாக வேண்டும். இரண்டாவது காரை ஓட்டுநரோடு கர்ஜத்துக்கு அனுப்பலாம்தான். ஒருவர் நடக்க இருவர் ஓட்டும் ஏற்பாடு அது.

வண்டியை விட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் மலையில் அது நடையின் உருவத்தையே தீர்மானிக்கிறது. மலை என்பது இரண்டு நிலங்களுக்கு நடுவே நிற்பது. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால்தான் அது எதைப் பிரிக்கிறது என்பது புரியும். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற நெடுநடையான வெஸ்ட் ஹைலண்ட் வே, கிளாஸ்கோ அருகே மில்கை என்ற ஊரில் தொடங்கி 154 கிலோமீட்டர் சென்று ஃபோர்ட் வில்லியத்தில் முடிகிறது. இரண்டு முனையிலும் ரயில் நிலையம். நடுவிலும் கிரியன்லாரிக், பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி போன்ற நிலையங்களைத் தொட்டுச் செல்வதால், முழுதும் நடக்க முடியாதவர்கள் துண்டு துண்டாக நடக்கிறார்கள். நியூயார்க்கின் புறநகர் ரயில் தடம் ஒன்றில் அப்பலாச்சியன் டிரெயில் என்றே பெயர் வைத்த சின்ன நிலையம் உண்டு. நடப்பவர்களுக்காக வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் மட்டும் வண்டி நிற்கும். நடப்பதற்கென்று ஒரு நிலையத்தை வைத்துக்கொள்வது அந்த ஊர்களில் இயல்பான நிர்வாக வேலையாகிவிட்டது. நம்மிடம் நிலையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை மலைப்பாதையின் வாசலாகப் பார்க்கும் கண்தான் வர வேண்டும்.

முதுகுப்பையின் கதைக்கு வருவோம். காரில் போகிறவர் பையின் எடையைப் பற்றி மலையடிவாரத்தில்தான் யோசிக்கிறார். டிக்கி பெரிது; எதையும் போட்டுக்கொள்ளலாம். கூடாரம், மடக்கு நாற்காலி, இரண்டு பெட்டி தண்ணீர், போர்வை எல்லாம் வந்துவிடும். ரயிலில் போகிறவர் வீட்டு வாசலிலேயே தேர்வெழுத வேண்டும். படிக்கட்டு ஏற வேண்டும், நடைமேம்பாலம் தாண்ட வேண்டும், நெரிசலில் ஏறி நெரிசலில் இறங்க வேண்டும். அங்கே சுமக்க முடியாத பையை மலையிலும் சுமக்க முடியாது. நடப்பவரின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை போகக் கூடாது என்பது மலையேறுவோர் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ. ரயில்வே விதி இதைவிடத் தாராளமானது. ஸ்லீப்பர் வகுப்பில் 40 கிலோவும் இரண்டாம் வகுப்பில் 35 கிலோவும் கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம். ஆகவே விதியால் சிக்கல் வராது, உருவத்தால்தான் வரும். 50, 60 லிட்டர் கொள்ளும் பை முக்கால் மீட்டர் உயரம் இருக்கும். கிடையாகப் படுக்கவைத்தால் கீழ் பெர்த்துக்கு அடியில் போய்விடும். ஆனால் மேல்மூடிப் பையையும் பக்கவாட்டுப் பைகளையும் பிதுங்க நிரப்பியிருந்தால் நடுவில் சிக்கிக்கொள்ளும். இடுப்புப்பட்டையைப் பின்னோக்கி வளைத்துப் பையின் மறுபுறம் பூட்டிவிட வேண்டும். தொங்கவிட்டால் அது சக பயணியின் காலை வாரும், கதவில் மாட்டும். ஊன்றுகோல்களை மடக்கி உள்ளே வைக்க வேண்டும். வெளியே குத்திட்டு நின்றால் மேல் பெர்த்தில் ஏறுகிறவரின் முகத்துக்கு நேராக இருக்கும். சுருட்டிய பாயைப் பையின் அடியில் கட்டாமல் உள்ளே செருகுவது நல்லது. மழையுறையை ரயிலிலேயே போர்த்திவிட்டால் பட்டைகள் எல்லாம் அடங்கும், பெர்த்துக்கடியில் கிடக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் டீக்கறையும் பையில் ஏறாது. இரவுப் பயணத்தில் பெர்த்துக்கடியில் இருக்கும் வளையத்தோடு சேர்த்து ஒரு சங்கிலிப் பூட்டு. பர்ஸ், போன், தலைவிளக்கு, ஒரு பாட்டில் தண்ணீர் மட்டும் தனிச் சிறுபையில் தலைமாட்டில். மும்பை லோக்கலில் ஏறினால் பையை முதுகிலிருந்து கழற்றி நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொள்வது அந்த ஊர் வழக்கம். பெரிய பைக்கு அதுவும் பற்றாது. காலுக்கடியில் இறக்கி வைத்துவிட வேண்டும். காலை எட்டு மணிக்கு மும்பை நோக்கி வரும் லோக்கலில் அந்தப் பையோடு ஏறுவது வேலைக்குப் போகிறவர்களுக்குச் செய்யும் அநியாயம். மலையிலிருந்து திரும்பும் நேரத்தை அந்த நெரிசலுக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்வதுதான் முறை.

பையைப் பற்றிய விதிகளில் உண்மையிலேயே கடுமையானது அடுப்பு சம்பந்தப்பட்டது. ரயிலில் எரிவாயு, மண்ணெண்ணெய், ஸ்பிரிட் போன்ற தீப்பற்றும் பொருட்களை எடுத்துச் செல்வது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டுவரை சிறை, ஆயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். மலையேறுவோர் பயன்படுத்தும் கைக்கடக்கமான கேஸ் குப்பியும் இதில் அடங்கும். “சின்னதுதானே” என்று சாக்குச் சொல்ல இடமில்லை. 2023 ஆகஸ்டில் மதுரை நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் சமையல் எரிவாயுவால் பற்றிய தீயில் ஒன்பது பேர் இறந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. பூட்டிய பெட்டி, திரைச்சீலை, மெத்தை, உறங்கும் மனிதர்கள் என்ற சூழலில் ஒரு குப்பி கசிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு விளக்கம் வேண்டாம். அப்படியானால் இரண்டு நாள் நடைக்குச் சூடான சாப்பாட்டுக்கு என்ன வழி? ராஜ்மாச்சியில் விடை உதேவாடியிலேயே இருக்கிறது. ஊர் வீடுகளில் சொல்லிவைத்தால் கடலைமாவில் செய்த பிட்லாவும், அரிசி அல்லது சோளமாவில் தட்டிய பாக்ரியும், பச்சைமிளகாயை இடித்த தேச்சாவும் கிடைக்கும். திண்ணையில் படுத்துக்கொள்ளலாம். கல்சுபாய்க்கு அடிவாரமான பாரியிலும் இதே ஏற்பாடு உண்டு. அடுப்பும் கேஸும் பாத்திரமும் நூடுல்ஸ் பொட்டலங்களும் பையிலிருந்து போனால் இரண்டு மூன்று கிலோ குறையும். அந்த இரவுச் சாப்பாட்டுப் பணம் மும்பை சூப்பர்மார்க்கெட்டுக்குப் போகாமல் மலையூர்க் குடும்பத்துக்குப் போகும். நடப்பவர்கள் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக் உறைகளும் அந்த அளவுக்குக் குறையும். வீட்டில் கட்டி எடுத்துப்போகும் புளியோதரையும் சப்பாத்தியும் முதல் நாள் மதியத்துக்குத் தாங்கும் என்பதைத் தமிழ் ரயில் பயணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரே இல்லாத காட்டில் பல நாள் நடக்கிறவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் மலைக்கு அருகிலுள்ள நகரத்தில் இறங்கியபின் எரிபொருள் வாங்கி, திரும்பும்போது மிச்சத்தை அங்கேயே கொடுத்துவிட்டு வர வேண்டும். சஹ்யாத்ரியிலோ நம் தென்னக மலைகளிலோ ஒன்றிரண்டு நாள் நடக்கும் பெரும்பான்மையோருக்கு அந்தத் தேவையே எழுவதில்லை.

ரயிலுக்கு எதிரான முதல் ஆட்சேபம் நேரம். கார் நாம் சொல்லும் நேரத்துக்குக் கிளம்பும். ரயில் அதன் நேரத்துக்குத்தான் கிளம்பும். அதிலும் இந்த மலைகளில் மழைக்காலத்தில் பாறை சரிந்து ரயில் பாதை அடைபடுவது புதிதல்ல. 2019 மழைக்காலத்தில் போர் கணவாய்ப் பகுதியில் போக்குவரத்து வாரக்கணக்கில் பாதிக்கப்பட்டது. இந்த ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. கடைசி ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் வழுக்குப்பாறையில் ஓடி இறங்குவதுபோல ஆபத்தான செயல் வேறில்லை. ஆனால் இதற்கு மருந்து காலஅட்டவணையிலேயே இருக்கிறது. லோனாவாலா, கர்ஜத் போன்ற நிலையங்களில் ஒரு வண்டி போனால் அடுத்தது வரும். கர்ஜத்திலிருந்து மும்பைக்கு லோக்கல்கள் இரவு வரை ஓடுகின்றன. பிடிக்க வேண்டிய ரயிலுக்கு முந்தைய ரயிலைக் குறிவைத்துத் திட்டமிட்டால், தவறினாலும் பதற்றமில்லை. அதோடு, நேரக்கட்டுப்பாடு மலையில் கெட்ட பழக்கம் அல்லவே. பகல் இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்ற எல்லையை வைத்துக்கொள்ளும்படி மலையேற்றம் கற்றுத்தருகிறவர்கள் எல்லோரும் வலியுறுத்துகிறார்கள். கார் காத்திருக்கிறது என்ற தைரியத்தில்தான் இருட்டும்வரை கோட்டையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதன்பின் நடந்து களைத்த கால்களோடு, தூக்கம் சொக்கும் கண்களோடு மலைச்சாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு இறங்க வேண்டும். மலைநடையில் பாறையும் காட்டாறும்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். திரும்பும் சாலையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நடந்து களைத்தவர் உறங்கிக்கொண்டே வீடு திரும்பலாம் என்பது ரயில் தரும் வசதிகளில் மிகப் பெரியது.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது, பெண்கள் எழுப்புவது. நள்ளிரவு லோக்கலும் விடிகாலைப் பிளாட்பாரமும் ஆண்களுக்குச் சாகசமாகத் தெரியலாம். தனியாகவோ இருவராகவோ வரும் பெண்களுக்கு அது அப்படியில்லை. மகளிர் பெட்டி இருக்கிறது, காவலர் இருக்கிறார் என்று பதில் சொல்லி முடித்துவிடுவது நேர்மையாகாது. கசாராவில் இறங்கி விடியும்வரை காத்திருக்கும் அந்தச் சில மணி நேரத்துக்குப் பாதுகாப்பான, வெளிச்சமுள்ள, கழிப்பறையோடு கூடிய காத்திருப்பு அறை திறந்திருக்க வேண்டும் என்பதே சரியான பதில். அது நடப்பவர்களுக்கு மட்டுமல்ல, அந்த நேரத்தில் அங்கே இறங்கும் எல்லாப் பெண்களுக்கும் தேவை. அதுவரை இரவு ரயிலைக் கட்டாயமாக்கிக்கொள்ளாத நடைகளைத் தேர்ந்தெடுப்பதே உத்தி. மும்பையிலிருந்து விடிகாலையில் கிளம்பும் இந்திராயணி எக்ஸ்பிரஸ் காலையிலேயே லோனாவாலாவில் இறக்கிவிடும். லோனாவாலா–புனே லோக்கலில் மளவ்லியில் இறங்கினால், பாஜே குடைவரையைப் பார்த்து லோஹகட் ஏறி, முடிந்தால் விசாப்பூர் கோட்டையும் ஏறி, மாலை வெளிச்சத்திலேயே அதே நிலையத்துக்குத் திரும்பிவிடலாம். அந்த லோஹகட்தான் 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராத்தியக் கோட்டைகளுள் ஒன்று. அதே பட்டியலில் நம் செஞ்சியும் இருக்கிறது.

நிலையத்திலிருந்து மலையடிவாரம்வரை உள்ள கடைசிச் சில கிலோமீட்டர்கள் என்னாவது என்பது மூன்றாவது கேள்வி. மளவ்லி போல நிலையத்திலிருந்தே நடக்கத் தொடங்கக்கூடிய இடங்கள் குறைவு. கசாராவிலிருந்து பாரிக்கு ஜீப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எஸ்.டி. எனப்படும் அரசுப் பேருந்து உண்டு, ஆனால் ரயில் வரும் நேரம் பேருந்துக்குத் தெரியாது, பேருந்து கிளம்பும் நேரம் ரயிலுக்குத் தெரியாது. இந்த இடைவெளியை மும்பையில் ஜீப்காரர்களும் டம்டம்காரர்களும் தாங்களாகவே நிரப்பிவிட்டார்கள். எந்த லோக்கலில் எத்தனை பேர் பையோடு இறங்குவார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஆட்கள் சேர்ந்தால் தலைக்கு இவ்வளவு, சேராவிட்டால் வண்டிக்கு இவ்வளவு. இது நடைமுறை அறிவு. இதை அரசு கொஞ்சம் ஒழுங்குபடுத்தினாலே போதும். சுவிட்சர்லாந்தில் மலைக்கிராமங்களுக்குப் போகும் மஞ்சள் அஞ்சல் பேருந்துகள் ரயில் வந்துசேரும் நேரத்தையொட்டியே கிளம்புகின்றன. அந்நாட்டின் 65,000 கிலோமீட்டர் நடைபாதைகளுக்கான மஞ்சள் வழிகாட்டிப் பலகைகள் பல நிலையங்களில் பிளாட்பாரத்தை விட்டு வெளியே வந்ததுமே கண்ணில் படும். எந்த இடத்துக்கு நடந்து போக எத்தனை மணி நேரம் என்று அவற்றில் எழுதியிருக்கும். அது பணக்கார நாடு என்று இதை ஒதுக்குவார்கள். பலகை நடப் பணக்கார நாடு தேவையில்லை. பேருந்தை இருபது நிமிடம் தள்ளி எடுக்கவும் தேவையில்லை.

கூட்டம் பற்றிய கவலைக்கு மட்டும் என்னிடம் எளிய பதில் இல்லை. ரயில் மலிவாக இருப்பதாலேயே மழைக்கால ஞாயிறுகளில் மளவ்லியிலும் லோனாவாலாவிலும் மனிதர்கள் கொத்துக் கொத்தாக இறங்குகிறார்கள். லோஹகட் படிகளில் அசைய முடியாமல் நெரிபட்ட நாட்கள் உண்டு. அந்தக் கூட்டம் காரில் வந்தால் மலைச்சாலையும் சேர்ந்து அடைபடும் என்பது உண்மை, ஆனால் ரயிலில் வருவதால் படியில் நெரிசல் குறைந்துவிடாது. கூட்டத்தை மலையின் வாசலில்தான் அளவிட முடியும், அதற்கு அனுமதிச்சீட்டு முறை வேண்டும். இன்னொரு தவற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ரயிலில் போய் இறங்கிய துணிச்சலில் தண்டவாளத்தையே மலைப்பாதையாக்கிக்கொள்ளும் பழக்கம் பரவியிருக்கிறது. கோவா எல்லையில் தூத்சாகர் அருவியைப் பார்க்கத் தண்டவாளத்தின் மீது நடந்துபோன கூட்டத்தை 2023 ஜூலையில் ரயில்வே காவலர்கள் தடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. கர்நாடகத்தின் சக்லேஷ்பூர்–சுப்பிரமணியா மலைப்பாதையிலும் இதே கதை நெடுநாள் நடந்தது. சுரங்கத்துக்குள் ஒதுங்க இடமிருக்காது, பாலத்தில் ஓடித் தப்ப முடியாது, மழை இரைச்சலில் இஞ்சின் சத்தம் கேட்காது. அத்துமீறி நுழைவது சட்டப்படி ஆறு மாதம்வரை சிறைக்குரிய குற்றம் என்பதைவிட, ரயிலை நம்பி நடக்கும் எல்லோருக்கும் அது கெட்ட பெயர் வாங்கித்தருகிறது என்பதே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. நிலையத்தில் இறங்கியவர் நிலைய வாசல் வழியாகத்தான் மலைக்குப் போக வேண்டும்.

இத்தனையும் மும்பைக்காரர்களுக்கு மட்டும் வாய்த்தது என்று சொல்ல முடியாதபடி தமிழ்நாட்டில் ஒரு நல்ல வாய்ப்பு உருவாகியிருக்கிறது. மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாக்கப்படுவதற்காகப் பத்தாண்டுகளுக்கு மேல் மூடிக்கிடந்தது. 2022-இல் தேனிவரையும் 2023 ஜூனில் போடிவரையும் ரயில் திரும்ப வந்தது. சென்னையிலிருந்தே வாரம் மூன்று நாள் நேரடி இரவு ரயிலும் விட்டார்கள். ஏலக்காய்க்காகப் பேர்பெற்ற போடியிலிருந்து, மலையின் மடியிலுள்ள குரங்கணிக்குச் சாலைவழியில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 2018 மார்ச் 11-ஆம் தேதி காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த குரங்கணி அது. அதன்பின் பல ஆண்டுகள் இறுகிக்கிடந்த வனத்துறை, 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவு, எண்ணிக்கை வரம்பு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் என்ற ஒழுங்கோடு திறந்தது. காட்டுத்தீக் காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. கூட்டத்துக்கு நான் மேலே கேட்ட அனுமதிச்சீட்டு இங்கே வந்துவிட்டது. இரவில் சென்னையில் ஏறிக் காலையில் மலையடிவார ஊரில் இறங்கும் ரயிலும் வந்துவிட்டது. இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பதுதான் குறை. பதிவுசெய்யும் இணையப் பக்கத்திலேயே அருகிலுள்ள ரயில் நிலையமும் வந்துசேரும் வண்டியின் நேரமும் தெரிய வேண்டும். நடை தொடங்கும் நேரத்தை அந்த வண்டியையொட்டி வைக்க வேண்டும். ரயில் தாமதமானால் காத்திருக்கும்படி ஒரு சிற்றுந்து போடி நிலைய வாசலில் நிற்க வேண்டும். அதை ஓட்டும் வேலையை உள்ளூர் மகளிர் குழுக்களுக்கோ மலையூர் இளைஞர்களுக்கோ கொடுக்கலாம். பெரிய பைகளை ஒப்படைக்க நிலையத்தில் ஓர் அறை, குளிக்க ஒரு வசதி, பிளாட்பாரத்தில் ஒரு வரைபடப் பலகை. வனத்துறையும் தெற்கு ரயில்வேயும் தேனி மாவட்ட நிர்வாகமும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் அடுத்த நடைக்காலத்துக்குள் செய்துவிடக்கூடிய வேலைகள் இவை.